ஏழரை

உலான்பாத்தர் கார்ச் சந்தையில் இன்று
மைனஸ் முப்பத்தொன்று.
தம்தின் விலை சொல்ல வாயைத் திறந்தால்
ஆவி முதலில் வருகிறது,
தொகை பிறகு.

ஒசாகாவில் பன்னிரண்டு வருடம் ஓடிய ஹைப்ரிட்.
கடல் தாண்டி, ரயிலேறி, கோபி மணல் தின்று வந்தது.
பின்கண்ணாடியில் யார் வீட்டுக் குழந்தையோ
ஒட்டிய கரடி, ஒரு காது போய்.
பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல்
ஜப்பானியில் பணிவாக ஏதோ கேட்கும்.
ஊரில் பாதிக் கார்களில் அதே குரல்.
பதில் சொன்னவர் எவருமில்லை.

போன வசந்தத்தில் தொண்ணூறு லட்சம் துக்ரிக்.
நாதம் திருவிழாவுக்கு ஒரு கோடி.
எல்லையில் பெட்ரோல் லாரிகள் நின்ற வாரம்
ஒரு கோடியே இருபது.
"மூணு வருஷத்தில போட்ட காசு திரும்பிடும்" என்றான் தம்தின்.
"அதுவரைக்கும் பாட்டரி இருக்குமா?"
கேட்டவள் நர்மந்தாக்,
இரவுப் பணி முடிந்து நேரே வந்த நர்ஸ்.
மருந்து வாசனை அடிக்கும் உறையில்
எண்ணி வைத்த கடன் பணம்.
"தானமா வாங்குறேன்? பல்லைப் பிடிச்சுப் பாருங்க."

பின்னிருக்கையைக் கழற்றினேன்.
இருபத்தெட்டுக் கட்டிகள், வரிசையாய்.
ஏழரை. ஏழரை. ஏழரை.
எங்கள் தொழிலில் அது நல்ல எண்.
பதினெட்டாவதும் ஏழரை.
பத்தொன்பதில் மீட்டர் தயங்கியது.

அதற்குள் தம்தினுக்கு ஒரு போன்.
வைத்துவிட்டு, கையுறையைக் கூடக் கழற்றாமல்,
"ஒரு கோடியே இருபத்தஞ்சு" என்றான்.
என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.
கார் விற்றால் எனக்கு எண்பதாயிரம்.

அவள் உறையை மறுபடி எண்ணவில்லை.
எண்ணினால் கூடிவிடுமா என்ன.

"பத்தொன்பது: ஆறு புள்ளி மூணு"
என்றேன், கொஞ்சம் உரக்கவே.
பக்கத்துக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்
திரும்புகிற அளவுக்கு.

பேரம் ஒரு கோடியே பதினெட்டில் நின்றது.
நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து எடுத்த கட்டியைப் பொருத்தினேன்.
அதன் விலையும் ஏறித்தான் இருக்கிறது,
அதை அவளிடம் வாங்கினேன்.
நானும் புத்தனில்லை.

பொத்தானை அழுத்தினாள்.
குரல் கேட்டது.
"தெரியலம்மா, நானும் இப்பதான் வந்தேன்"
என்றாள் அதனிடம், தூக்கக் கலக்கத்தில்.

எஞ்சின் சத்தமே இல்லை.
பனி மட்டும் நொறுங்க
வலப்பக்க ஸ்டியரிங்கோடு
வலப்பக்கச் சாலையில் கழுத்தை எக்கிப் பார்த்துப் போனாள்.

ரயிலில் இன்னும் நாற்பது இறங்கியிருக்கிறதாம்.
தம்தின் என்னிடம் பேசவில்லை.
கழற்றிய பத்தொன்பதாவது
என் கோட்டுப் பையில்,
எடைக்கு எடை
குளிர்ந்தபடி.