மறுமுனை

கேள்வி ஆங்கிலத்தில் வரும்,
நான் அதை ட்வியில் சொல்வேன்.
பதில் ட்வியில் வரும்,
ஆங்கிலத்தில் இறக்கி வைப்பேன்.
நீதிபதியின் பேனா பின்னாலேயே நடந்து வரும்.
பெகோரோ கோர்ட்டில் பதினேழு வருடமாக இதுதான் என் சோறு.
என் சொந்த வார்த்தை ஒன்றுகூடப் பதிவில் இல்லை.

வழக்கு, மூன்றரை ஏக்கர் கோக்கோ.
போன வருடம் புது ரோடு வளைந்து வந்து
அதன் இடுப்பைத் தொட்டது.
பெட்ரோல் பங்க் வைக்க ஆள் வந்து
நாடா பிடித்து அளந்த மறுநாள்
வாதி ஒப்பாங் டுவுமோவுக்கு
நினைவு வந்துவிட்டது,
"எங்கள் மாமா அதை விற்கவேயில்லை."

பத்திரம் இல்லை.
கைநாட்டு வைத்த துண்டுச் சீட்டுகூட இல்லை.
பிரதிவாதி அஃபியா ஜான்கோமா
கூண்டில் ஏறி, பால்பவுடர் டப்பாவைத் திறந்தாள்.
உள்ளே காய்ந்து சுருண்ட நார்.
நாரில் மூன்று சோழி.

"என்ன இது?"
"குவாஹா."
நான் நின்றுவிட்டேன்.
அந்தச் சொல்லுக்கு என்னிடம் சில்லறை இல்லை.

பிறகு சொன்னேன்:
நிலம் விற்கும்போது, கனம் நீதிபதி அவர்களே,
தரப்புக்கு ஒரு பிள்ளையைக் குந்தவைப்பார்கள்.
நடுவில் ஒரு நார், ஆறு சோழி.
ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும்.
அறுந்தால் விற்றாயிற்று.
பிள்ளைகள் எதற்கென்றால்,
பெரியவர்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள்,
சாட்சி நாள்பட இருக்க வேண்டும்.

"அம்மா தரப்பில் நான் பிடித்தேன். ஒன்பது வயது.
ஆடு வெட்டினார்கள். ஷ்னாப்ஸ் ஊற்றினார்கள்.
பணத்தை இரண்டு தடவை எண்ணினார்கள்."
"மறுமுனையில் யார்?"
அவள் கை நீட்டவில்லை.
மோவாயை மட்டும் கொஞ்சம் தூக்கினாள்.
மோவாயை எப்படி மொழிபெயர்ப்பது?
"வாதியைச் சுட்டுகிறார்" என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன்.
டுவுமோ மறுக்கவில்லை.
"பிடித்தேன். ஆனால் அறுக்கவில்லை.
கை வேர்த்திருந்தது,
கண் ஆட்டு ஈரல் வேகும் பக்கம் இருந்தது.
நழுவிவிட்டது.
சோழி தரையில் உருண்டது, யாரோ சிரித்தார்கள்.
அப்புறம் ஒருவர் கத்தியால் நறுக்கி
ஆளுக்குப் பாதி கொடுத்தார்."
"உங்கள் பாதி எங்கே?"
"விளையாடித் தொலைத்தேன்."
கோர்ட் சிரித்தது.
சிரிப்பை நான் மொழிபெயர்ப்பதில்லை.

இரண்டு வக்கீல்களும் எழுந்தார்கள்.
கத்தி அறுத்தது இழுத்து அறுத்ததாகாது என்றார் ஒருவர்,
விற்றவர் தன் சகோதரிகளைக் கேட்கவுமில்லை.
பணம் கொடுத்தாயிற்று, அறுபது வருடம்
காய் பறித்தாயிற்று என்றார் மற்றவர்,
அப்போதெல்லாம் சகோதரிகள் எங்கே போனார்கள்?
அறுந்தது, அறுத்தது, அறுக்கப்பட்டது.
இதற்குள்தான் கிடக்கிறது அந்த மூன்றரை ஏக்கரும்.
சொல் தேடி நான் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி நாரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
முனை பிசிறா, நேர்வெட்டா என்று.
பூச்சி தின்றிருந்தது.
எந்தத் தரப்புக்கும் சம்பந்தமில்லாத பூச்சி.
வாய்தா, இருபத்து மூன்றாம் தேதிக்கு.
டப்பாவுக்கு ஒரு எண் ஒட்டி
குமாஸ்தா பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வெளியே மழை.
தகரக் கூரைக்கடியில் இருவரும் ஒதுங்கி நின்றார்கள்,
பக்கத்தில் பக்கத்தில், வேறு இடமில்லை.
அவள் மழையைப் பார்த்தபடியே கேட்டாள்,
"அன்றைக்கு ஏன் விட்டாய்?"
அவர் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார்.
"நீ அவ்வளவு பலமாக இழுத்தாய்."

கோர்ட் கலைந்துவிட்டது.
கேட்டது நான் மட்டும்.
என்னை யாரும் கேட்கவில்லை.