பிரிஸ்கிரிப்ஷன்

பையனின் முதல் செருப்பு வந்த அட்டைப்பெட்டியை
வக்கீல் மேசையில் கவிழ்த்தேன்.
பார்மசி சீட்டுகள், கிளினிக் அட்டை,
மை வெளுத்த ஸ்கேன் படம்,
எப்படியோ ஒரு மசாலாக் கடை ரசீதும்.
தாண்டேக்கா அதைத் தனியே எடுத்து
"இதுவும் சாட்சியா?" என்றாள்.
சிரித்தோம். இருவருக்கும் அது தேவைப்பட்டது.

இலவசச் சட்ட உதவி, டர்பனில் பதினோராவது மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
ஆறாவது மாடியில் திவேஷனின் உதடு
நாவற்பழம் தின்றதுபோல் ஆனது.
படியில் உட்கார்ந்து, நீலம் போகும்வரை எண்ணினோம்.
அவனுக்கு இருபது வரைக்கும்தான் தெரியும்.
இருபதுக்குப் பிறகு மறுபடி ஒன்று.

கர்ப்பம் என்று எப்போது தெரிந்தது?
ஒன்பதாவது வாரம்.
மாத்திரை?
அதற்கும் ஏழு மாதம் முன்பிருந்து.
யாராவது எச்சரித்தார்களா?
கணினியைப் பார்த்துக்கொண்டே டாக்டர் சொன்னார்,
நிறுத்த வேண்டாம் என்று.
பெட்டிக்குள் மடித்த தாள் இருந்திருக்குமே?
இருந்தது. எறும்பு எழுத்தில்.
எதற்காகச் சாப்பிட்டீர்கள்?

படிவத்தில் அதற்கு ஒன்றரை வரி இடம்.

சாட்ஸ்வொர்த் ஃப்ளாட்டில் வெயில் ஏறிய பிறகும்
பல் தேய்க்க முடியாமல் கிடந்ததை
ஒன்றரை வரியில் எப்படி அடைப்பது?
யாரும் சாகவில்லை. புருஷன் கை நீட்டவில்லை.
அடுப்பில் பருப்பு கருகியது,
அந்த வாசம் எனக்கு ஒரு செய்தியாகவே வந்து சேரவில்லை.
நெடுஞ்சாலை நடைபாலத்தில் நின்று
லாரிகளை எண்ணிய அந்தப் புதன்கிழமை
எந்தக் கட்டத்துக்குள் போகும்?

மாத்திரைதான் என்னைப் பாலத்திலிருந்து
வீட்டுக்குக் கூட்டிவந்தது.
அதையும் எழுதிக்கொள், என்றேன்.
"எதிர்த்தரப்புக்கு அது வசதி."
நடந்ததுதானே.
எழுதினாள். அடித்தாள்.
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினாள்.

அடுத்த மாதம் நிபுணரின் அறிக்கை வந்தது.
லிஃப்ட் அப்போதும் ஓடவில்லை.
நாற்பது பக்கம். 'இருக்கலாம்' என்ற சொல்
இருபத்தேழு இடத்தில்.
என் பிள்ளை நெஞ்சில் இரண்டு ஓட்டை,
ஒன்றைத் தைத்தாயிற்று.
அதில் எங்கேயும் 'கலாம்' இல்லை.

"முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்," என்றாள்.
"மூன்று வருடம் தாண்டிவிட்டது.
உங்கள் பெயரில் கேட்கக்கூடியதெல்லாம்
பிரிஸ்கிரைப் ஆகிவிட்டது."
அந்தச் சொல்லா?
அதே சொல்தான்.
டாக்டர் கிறுக்கிக் கொடுத்ததும் பிரிஸ்கிரிப்ஷன்,
வழக்கு வயதாகிச் சாவதும் பிரிஸ்கிரிப்ஷன்.
இந்த நாட்டுச் சட்டத்துக்கு
வேறு வார்த்தையே அகப்படவில்லையா?

என் டாக்ஸிக் காசு, போன வேலை,
ஆஸ்பத்திரி நாற்காலியில் கழிந்த இரவுகள்,
எல்லாம் காலாவதி. சொன்னால் நம்புவாயா,
கேட்டதும் என் தோள் ஒரு விரற்கடை இறங்கியது.

"அவனுடையது உயிரோடிருக்கிறது," என்றாள்.
"பதினெட்டு முடிந்து இன்னும் ஒரு வருடம் வரைக்கும்.
அவன்தான் வாதி."

அப்போது நான்?

நான்கு வருடமாக எனக்குள்ளே
அதற்கு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன்.
அவள் வாயிலிருந்தும் அதுதான் வரும் என்று
பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களா? சாட்சி," என்றாள்,
ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டே.

இறங்கும்போது அவன் தானே நடப்பேன் என்றான்.
படிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு போனான்.
பத்தொன்பதில் நின்று, கம்பியைப் பிடித்து
மூச்சு வாங்கினான்.
ஒரு படி மேலே நின்றேன்.
அவசரமில்லை, என்றேன்.