ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு

ஐம்பது கேள்வி.
நாற்பத்தைந்து சரியாக வேண்டும்.
ஊபி தேர்வுக்கூடத்தின் குளிரில்
திரை என் எண்ணைக் காட்டியது,
மிக மரியாதையாக:
நாற்பத்து நான்கு.

கவிழ்த்த கேள்வி எதுவென்று தெரியும்.
மஞ்சள் விளக்கு எரிகிறது, என்ன செய்வீர்கள்?
அறந்தாங்கி பேராவூரணி தடத்தில்
பதினோரு வருடம் மினிபஸ் ஓட்டிய என் வலதுகால்
கையை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது.

அங்கேயும் இடதுபக்கம், இங்கேயும் இடதுபக்கம்.
அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.
வலதுபக்கம் ஓட்டும் நாடு என்றால்
முதல் நாளே பயந்திருப்பேன்.

தங்குவிடுதியில்
மேல் கட்டிலில் மல்லாந்தபடி
செபஸ்தியான் கைப்பேசியைப் பார்த்துக் கேட்பான்,
கீழ்க் கட்டிலிலிருந்து நான் சொல்வேன்.
இரட்டை மஞ்சள் கோடு?
நிறுத்தக் கூடாது.
மஞ்சள் கட்டம்?
வெளியேற வழி இருந்தால்தான் உள்ளே போகணும்.
நெளிநெளியாய் வெள்ளைக்கோடு?
முன்னால் ஆள் கடக்கிற இடம், முந்தாதே.
நிறுத்தத்திலிருந்து பேருந்து கிளம்புகிறது?

அங்கே கொஞ்சம் நின்றேன்.
வழிவிடணும், என்றேன்.
பதினோரு வருடம் பேருந்தில் இருந்தேன்,
இதை ஒரு சட்டமாக
எவனும் எனக்காக எழுதி வைத்திருக்கவில்லை.

யூ டர்ன் கேள்விக்கு மூன்று தடவை தப்பாய்ச் சொன்னேன்.
திரும்பாதே என்று பலகை இல்லாத இடமெல்லாம்
திரும்பலாம் என்பது நான் கொண்டுவந்த கணக்கு.
திரும்பலாம் என்று பலகை இருந்தால் மட்டுமே
திரும்பலாம் என்பது இந்த ஊர்க் கணக்கு.
"நம்ம பெர்மிட் மாதிரியே" என்றான் செபஸ்தியான்.
கட்டில் குலுங்கச் சிரித்தோம்.
பிறகு அவன் அடுத்த கேள்விக்குப் போக
சற்று நேரமாயிற்று.

இரண்டாம் முறை நாற்பத்தெட்டு.
தவறிய அந்த இரண்டு எவையென்று
யாரும் சொல்லவில்லை.
அவை இன்னும் எனக்குள்
விளக்குப் போடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எல்லாம் படித்தேன்.
ஹாரனை மட்டும் யாரும் பாடமாய்ச் சொல்லித்தரவில்லை.
ஊரில் அது பேச்சு.
வர்றேன், போ, பாத்து, என்னப்பா சௌக்கியமா
எல்லாவற்றுக்கும் ஒரே கட்டைவிரல்.
ஹவ்காங்கில் ஒரு காலை
மெதுவாய்ப் போன காருக்கு
சும்மா ஒரு தட்டு, சின்னதாக.
அடுத்த விளக்கில் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி
என்னையே பார்த்தார்.
கோபம் என்றால் தாங்கியிருப்பேன்.
என்ன தப்புச் செய்தேன் என்று
கேட்கிற முகம்.
அன்றிலிருந்து கட்டைவிரல் ஊமை.

போன மாதம்வரை நானும் லாரியின் பின்னால்தான்.
எத்தனை ஆள் ஏறலாம் என்று
பக்கவாட்டில் எழுதியிருக்கும் அந்த எண்ணில்
ஓர் ஆள்.
பிரேக் போட்டால் தலை எந்தக் கம்பியில் இடிக்கும் என்று
நெற்றிக்குத் தெரியும்.

இப்போது முன்னால்.
விடியுமுன் ஐந்தேகால்,
துவாஸ் போகும் சாலை,
முதுகில் வட்டத்துக்குள் அறுபது.
பின்னால் பன்னிரண்டு பேர்,
சொஹேலின் தலை வீரபத்திரன் தோளில்,
வீரபத்திரன் தலை டிபன் பையில்.

சந்திப்பில் மஞ்சள்.
கால் பழையபடி அரிக்கிறது.
குறுக்கே வண்டி இல்லை, ஆள் இல்லை,
ஒரு பூனைகூட இல்லை.
மெல்ல, மிக மெல்ல நிறுத்துகிறேன்.
சிவப்பு.

லாரி குலுங்கவில்லை.
கண்ணாடியில் பார்க்கிறேன்.
ஆடாத பலகையில்
பன்னிரண்டு வாய்களும் லேசாய்த் திறந்து
நிஜமான உறக்கம்.
கேமராவுக்காக நிற்கிறேன் என்றுதான்
கேட்டால் சொல்வேன்.

பச்சை விழுகிறது.
எனக்குப் பின்னால் எவனும் ஹாரன் அடிக்கவில்லை.
இரண்டு நொடி கழித்து எடுக்கிறேன்.