எச்சில்

பெரியகல்லாறு உப தபாலகத்தில்
பத்தொன்பது வருசம்
முத்திரைகளை நாக்கில்தான் நனைத்தேன்.
பஞ்சுக் கிண்ணம் இருந்தது. யாருக்குப் பொறுமை?
ஒரு செவ்வாய்க்கிழமை
ஒட்டவில்லை.
கட்டாருக்குப் போகிற கடிதம்.
முத்திரை உதிர்ந்து மேசைக்குக் கீழே போய்விட்டது.
பசை சரியில்லையென்று கொழும்பைத் திட்டினேன்.

மறுகா, பாண் விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது.
கண்ணுக்குள் கடல்மணல் அரைத்தது.
அம்மா செத்த அன்று
தலைமாட்டில் காய்ந்த கண்ணோடு இருந்தேன்.
"ஒரு சொட்டு வரல்ல, பாத்தியா"
பின்னாலிருந்து யாரோ.
அழுதுகொண்டுதான் இருந்தேன்,
தண்ணீர்தான் இல்லை.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்
கீழிமைக்குள் ஒரு காகிதக் கீற்றைச் செருகி
ஐந்து நிமிசம் பொறுக்கச் சொன்னார்கள்.
இரண்டு மில்லிமீற்றர் நனைந்தது.
உடம்பைக் காக்க வந்த அணுக்களே
உமிழ்நீர்ச் சுரப்பியை அந்நியமென்று
அடிக்கின்றன என்றார் டொக்டர் துஷ்யந்தி.
எனக்கு வியப்பில்லை.
விலாசம் பிழைத்த கடிதங்களோடு சீவித்தவள் நான்.

எட்டு வருசம் கழித்துத் தாடையோரம்
ஒரு புளியங்கொட்டையளவு.
நோகுதா என்றார்.
இல்லை என்றதும் அவர் முகம் மாறியது.
ஊசி, சிறு துண்டுச் சதை,
மூன்று கிழமை காத்திருந்து வந்த அறிக்கை:
நிணநீர்ப் புற்று.

"அதுவும் இதுவும் ஒன்றா, டொக்டர்?"
"ஒன்றில்லை. எல்லாருக்கும் வருவதுமில்லை,
நூறில் ஐந்தாறு பேர்.
சுரப்பிக்குள் வந்த அணுக்கள் திரும்பிப் போகவில்லை.
வருசக்கணக்கில் பெருகிக்கொண்டே இருந்தன.
ஒவ்வொரு பெருக்கமும் ஒரு நகல்.
ஏதோ ஒரு நகலில்
ஒரு பிழை."

தொண்ணூற்றாறில் ஒரு தந்தி.
தொலைபேசி இரைச்சலில் கேட்டுக் கையால் எழுதினேன்.
'தாயும் பிள்ளையும் சுகம்.'
சோகம் என்று எழுதிவிட்டேன்.
ஒரு கொம்பு, ஒரு கால், அவ்வளவுதான்.
குருக்கள்மடத்தில் ஒரு வீடு
விடியுமட்டும் ஒப்பாரி வைத்தது,
பேரன் பிறந்த வீடு.
அவர்கள் என்னை மன்னித்தார்கள்.
இதில் யார் யாரை மன்னிப்பது?

இரண்டாம் முறை மருந்து ஏறுகிறது.
பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடி நிஹாரா,
அவளுக்கு மார்பில்.
லீவை நீடிக்கக் கடிதம் எழுதி முடித்து
முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு
தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன்.
"இஞ்ச கொண்டாங்க"
வாங்கி, நாக்கில் ஒரு இழுப்பு,
கோணலாய் வைத்து
உள்ளங்கையால் ஒரு குத்து.

இருபத்தெட்டு வருச உத்தியோகத்தில்
இவ்வளவு கோணலாய் நான் ஒட்டியதில்லை.
நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன்.
வரவில்லை.