செல்லாதவை: ஒன்று

வாக்குச்சீட்டு என்றால் நம்பமாட்டீர்கள்,
நாலு பேர் சாப்பிடும் மேசைக்கு விரிப்பாகும்.
பதினெட்டுக் கட்சி, எழுநூற்றுச் சொச்சம் பெயர்.
மடிப்பின் மேல் மடிப்பாய்ப் பெட்டிக்குள் போனதை
இரவு ஒன்பதுக்கு மேல்
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
ஒவ்வொன்றாய் விரிக்கிறோம்,
டூவே, ஃப்ராங்கா, நான்.
கைப்பந்துக் கோடுகளின் மேல்
கட்சிக்கொரு குவியல்.

இரண்டரை வருஷத்தில் இது இரண்டாம் தடவை.
போன அரசு எதனால் கவிழ்ந்தது?
டூவே ஒன்று சொல்வார், ஃப்ராங்கா வேறொன்று.
எனக்கு நினைவிருப்பது
அன்று படிக்கட்டில் நின்று
நிதியமைச்சர் ஆப்பிள் தின்றது மட்டும்.

மாதம் முழுக்க வந்தபடி இருந்தார்கள்.
ஒருவர் பசுவின் நெற்றியைத் தடவினார்,
கேமரா போனதும் கையைத் துடைத்துக்கொண்டார்.
ஒரு பெண்மணி சந்தையில் ரோஜா கொடுத்தார்,
முள்ளெல்லாம் முன்பே கிள்ளியிருந்தது.
‘அந்த ஆளோடு கூட்டணியா? இந்த ஜென்மத்தில் இல்லை’
என்றவர்
வெயில் காலத்துக்குள்
அந்த ஆளுக்கே பிஸ்கட் தட்டைத் தள்ளிக்கொடுப்பார்.
எழுபத்தாறு இடம் வேண்டுமே.
யாரும் முப்பதைத் தாண்டப்போவதில்லை.

பட்டியல் பதினாலு. வரிசை முப்பத்தொன்று.
ஃபெட்டே வீர்ஸ்மா, பால் லாரி ஓட்டுகிறவர்.
பட்டியலின் வாலில்
ஃப்ரீஸ்லாந்துப் பெயர் ஒன்று தேவைப்பட்டது,
இவர் இருந்தார்.
கட்சித் தலைவர் இவரோடு எடுத்த படத்தில்
இவருடைய தோள் மட்டும் விழுந்திருக்கிறது.
நாட்டின் பதினெட்டுக் கட்சிக்கும்
உலகம் முழுதும் ஒரு கருத்து இருந்தது.
ஃபெட்டேயிடம் இருந்தது ஒரே ஒரு கோரிக்கை:
தொண்ணூற்று நாலாம் பேருந்து
திரும்ப ஓட வேண்டும்.

பதினொன்று பத்துக்கு
அவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு வட்டம்.
அது அவருடையதே;
கட்டத்தை விட்டு வெளியே வழியும் அந்தக் கை
எனக்குத் தெரியும்.
அவர் மனைவி யெல்ட்யே ஜன்னலில் ஒட்டியிருப்பது
வேறு கட்சி, அதுவும் ஊருக்குத் தெரியும்.

பிறகு இன்னொன்று.
அதே பெயர், அழகாய் நிரப்பிய வட்டம்,
பக்கத்தில் அதே சிவப்புப் பென்சிலால்:
‘ஞாயிறும் ஓடட்டும், ஃபெட்டே.
ஆஸ்பத்திரிக்கு ஞாயிறும் போக வேண்டியிருக்கிறது.’

டூவே விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
எழுதியவரை அடையாளம் காட்டும் எதுவும் இருந்தால்
செல்லாது.
‘ஞாயிற்றுக்கிழமை யாருடைய கைரேகை?’ என்றேன்.
ஃப்ராங்கா கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தாள்.
கை தூக்கினோம்.
இரண்டுக்கு ஒன்று.
அன்றிரவு நான் தோற்ற தேர்தல்
அது ஒன்றுதான்.

மூலையில் ஓசையின்றி ஓடிய தொலைக்காட்சியில்
வண்ண வண்ணமாய் இடங்கள் நிரம்பின.
ஹேக்கில் யாரோ பூங்கொத்தைத் தூக்கிக் காட்ட
அடியில் எழுத்து ஓடியது:
மக்கள் பேசிவிட்டார்கள்.
எங்கள் கூடத்தில் ஒருவர் பேசினார்.
அதைச் செல்லாதவை என்ற உறையில் போட்டு
அரக்கு வைத்தோம்.

நள்ளிரவு தாண்டி ஃபெட்டே வந்தார்,
பூட்ஸில் பண்ணைச் சேறு.
‘எத்தனை?’
‘ஒன்று’ என்றார் டூவே.
‘அப்போ நான் மறக்காமல் போட்டிருக்கிறேன்’
என்று சிரித்துவிட்டு
மடக்கு மேசைகளைச் சுவரோரம் சாய்த்தார்.
யாரும் கேட்காமலே
நாற்காலிகளையும் அடுக்கினார்.

வெளியே கால்வாய் மேல் பனி.
நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டில்
ரோஜாப் பெண்மணி
ஈரத்தில் பாதி உரிந்து தொங்கினார்.
‘ஏறு, ஆவ்க்யே’ என்றார், ‘நடந்தா போவாய்?’

லாரியின் பின்னால் பால் தளும்பும் சத்தம்.
ஏழு கிலோமீட்டர்.
சொல்லக் கூடாது என்று கையெழுத்திட்டவள் நான்.
பாலம் தாண்டும்போது கேட்டேன்:
‘ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஓடிக்கொண்டிருந்ததா,
அந்தத் தொண்ணூற்று நாலு?’

வேகத்தைக் குறைத்தார்.
‘இல்லையே’ என்றார்.
‘ஏன், யாராவது கேட்டார்களா?’