இடது குதிகால்

முதல் வருடம் முழுக்க நின்றேன், அவ்வளவுதான்.
ராணித்தோட்டம் டிப்போ மொட்டைமாடியில்,
முதல் டிரிப்புக்கு முன்,
இல்லாத பலாப்பழம் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி.
தொடை நடுங்கியது. வேறெதுவும் நடக்கவில்லை.

பெர்க்மான்ஸ்
தைவான் படகில் மீன்பிடிக்கப் போய்
இதையும் பிடித்து வந்தவன்.
ஞாயிறு பூசை முடிந்து முட்டம் பாறையில்
மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்போம்.
விழுவேன்.
"நான் தள்ளல்லடே,
நீயில்லா எங்கையில சாஞ்சு நின்ன."

தோளிடம் சொல்லிப் பார்த்தேன், விட்டுவிடு என்று.
எதை என்று கேட்டது தோள்.
அந்த வருட நோட்டில் இருப்பது ஒரே வரி:
மூட்டுவலி வலதிலிருந்து இடதுக்கு மாறியிருக்கிறது.

நேற்று வில்லுக்குறி வளைவில்
ஆட்டோ ஒன்று குறுக்கே பாய
ஏசுவடியான் பிரேக்கில் ஏறி நின்றார்.
மீன் சருவம், கல்லூரிப் பைகள்,
ஒரு முழு நேந்திரங்குலை, அதன் பின்னால் அதன் சொந்தக்காரர்
எல்லாம் என்மேல்.
ஒரு கையில் டிக்கெட் மிஷின்,
மறு கையில் சில்லறை,
கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.
எங்கோ இடுப்புக்குள் ஒரு கதவு திறந்தது.
அத்தனை பாரமும்
ஓடையில் விட்ட தண்ணீராய்
இடது குதிகால் வழியே
பஸ்ஸின் தகட்டுக்குள் இறங்கிப் போயிற்று.
சில்லறை சிந்தவில்லை.

யாரும் பார்க்கவில்லை.
"தக்கலை ரெண்டு" என்றது பின்சீட்டு.

நெஞ்சு ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்க வேண்டும்.
தக்கலையில் இறங்கும்போது
நின்றிருந்த பஸ்ஸின்
படி தவறி விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம்
எதை முதலில் சொல்ல?