பதினொரு விநாடி

ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்லவேண்டும்.
குளிர்பெட்டிக் கதவில் இரண்டு கடிதங்கள்,
ஒரே காந்தத்தின் கீழ்.

போர்ட்லாந்து: மரமேசைகள், டிராம் மணி,
ஊர் ஊராய்ப் பேர்பெற்ற பேராசிரியர்கள்,
ஐம்பத்தெட்டாயிரம் டாலர் கடன்.
கிளீவ்லாந்து: கட்டணம் இல்லை.
வரைபட அறையின் கூரை ஒழுகும் என்று
அங்கே படிக்கிறவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன்.
தரவரிசை, வாடகை, வேலை, மழை.
போர்ட்லாந்து நாலு புள்ளி முன்னால்.
தங்கை அல்மீரா எட்டிப் பார்த்தாள்.
"கடனுக்கும் மழைக்கும் ஒரே அளவுக் கட்டமா?"

டெட்ராய்ட்டில் எங்கள் பேருந்து நிறுத்தத்தின் எதிரே
ஏழு தடச் சாலை.
நடப்பவர் விளக்கு பதினொரு விநாடி எரியும்.
நடைச்சட்டத்தோடு வெல்மா பூன் கடக்க
முப்பத்தொன்று.
ஜனவரியில் நின்று எண்ணினேன்,
கையுறைக்குள் விரல் மடக்கி.
நகரசபைக்கு எழுதினேன். ரசீது வந்தது.
அதற்கப்புறம்தான் இந்தப் படிப்பு, இந்த விண்ணப்பம், எல்லாம்.

இரண்டு துறைக்கும் ஒரே கேள்வி அனுப்பினேன்:
உங்கள் வாசலில் சாலை கடக்க எத்தனை விநாடி?

போர்ட்லாந்து மறுநாளே எழுதியது,
கனிவாக,
பாதசாரிக் கொள்கை ஆறு பக்கம் இணைத்து.

கிளீவ்லாந்திலிருந்து தொலைபேசி.
அலுவலக எழுத்தர், டார்லீனாம்.
"செனாடாவா? இரும்மா, போய் எண்ணிட்டு வரேன்."
கதவு. காற்று. ஏதோ லாரி.
என் காபி ஆறிப்போனது.
திரும்பியபோது அவளுக்கு மூச்சிரைத்தது.
"பதினாலு. ஆனா
நான் ஓடினேன்."

வாளி ஒன்று வாங்கவேண்டும்.